புகழுக்குள் மறைந்த பிழை

பிறர் சுட்டிக்காட்டும் தவறை ஒப்புக்கொள்வது கடினமே. எனினும் அதற்குச் சாட்சிகள் உண்டு, மறுக்க வழியற்ற வேளையில் எவரும் தலைகுனிந்தே தீர வேண்டும். ஊரார் போற்றும் நற்செயலுக்குள் ஒளிந்திருக்கும் தவறோ அதனினும் கடினமானது. அங்கே குற்றவாளியும் சாட்சியும் நீதிபதியும் ஒருவரே. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இறுதிக் காலத்தில் எழுதிய ‘அல் முன்கித் மினழ் ழலால்’ என்னும் சிறு நூலை இந்நோக்கில் மீண்டும் வாசித்தல் பயன் தரும் என்று கருதுகிறோம்.

1091-இல் பக்தாதின் நிஜாமிய்யா கலாசாலையில் தலைமைப் பேராசிரியராக அமர்ந்த இமாமிடம் முந்நூறு மாணவர்கள் பயின்றனர். அந்தப் பாடபோதனையின் நிய்யத்தை ஆராய்ந்தபோது, அது இறைவனுக்காக அமையவில்லை, பதவியும் புகழுமே அதனை இயக்கின எனக் கண்டதாக அவர் எழுதுகிறார். ஆயினும் கண்டதும் அவர் விலகிவிடவில்லை. ஒரு நாள் புறப்படத் துணிவதும் மறுநாள் அத்துணிவைக் கைவிடுவதுமாக ஏறத்தாழ ஆறு மாதங்கள் கழிந்தன. இறுதியில் நாவே பேச மறுத்தது; உணவும் செல்லவில்லை; மருத்துவர்கள் கைவிட்டனர்.

1095-இல் பக்தாதை விட்டு நீங்கியபோது, மக்காவுக்குச் செல்வதாக வெளியே சொல்லிவிட்டு, ஷாமுக்குச் செல்லவே உள்ளூர ஏற்பாடு செய்ததையும் அவர் மறைக்கவில்லை. நூலின் மிக நேர்மையான பகுதி இதுவே என்போம். உள்ளம் உணர்ந்துவிட்ட உண்மையை ஊருக்குச் சொல்ல அப்போது அவரால் இயலவில்லை. இராக்கின் அறிஞர்களுக்கோ இத்துறவுக்கு மார்க்கக் காரணம் இருக்கக்கூடும் என்றே தோன்றவில்லை. அப்பதவியையே மார்க்கத்தின் உச்சநிலையாக அவர்கள் எண்ணியிருந்தனர். சுற்றியிருந்த எவருக்கும் தவறாகத் தெரியாத ஒன்றைத் தவறு என உணர்ந்தவரின் தனிமை இங்கே வெளிப்படுகிறது. அதை எழுத்தில் வைக்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இந்த ஒப்புதலுக்கும் எல்லை உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது திறனாய்வாகாது. தத்துவவாதிகளின் பிழைகளை இருபது என எண்ணி, அவற்றுள் மூன்று குஃப்ரு எனத் தீர்ப்பளித்த பேனா, தன் பிழையைச் சில வரிகளில் பொதுவாகவே சொல்லி முடிக்கிறது. இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில், ஆட்சியாளரின் பொருளை ஏற்பதில்லை, அவர்களது சபைக்குச் செல்வதில்லை, விவாதங்களில் ஈடுபடுவதில்லை என்று இமாம் உறுதிபூண்டதை அவருடைய பாரசீகக் கடிதத்தால் அறிகிறோம். 1106-இல் ஆட்சியாளரின் கட்டளைப்படி நைஸாபூரில் மீண்டும் போதிக்கச் சென்றதற்கு முன்கித் விரிவாகக் காரணம் கூறுகிறது. இவ்வுறுதியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முன்பு பதவியை ஈட்டித் தரும் கல்வியைப் போதித்தேன், இப்போது பதவியைத் துறக்கச் செய்யும் கல்வியைப் போதிக்கிறேன் என்னும் கருத்தில் வாதம் செல்கிறது. நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்க்கத்தைப் புதுப்பிப்போர் தோன்றுவர் என்ற நற்செய்தியும் துணைக்கு அழைக்கப்படுகிறது. புகழாசையைக் கண்டறிந்த கண்ணுக்கு இவ்விடத்தின் ஆபத்து தெரியாமலா இருந்திருக்கும்?

தெரிந்தே இருந்தது என்பதற்கு அடுத்து வரும் வரிகள் சான்று. தம் நோக்கத்தை அடைவோமா, அதற்கு முன்பே வாழ்வு முடிந்துவிடுமா என்பதைத் தாம் அறியவில்லை என்று கூறி, முதலில் தம்மைத் திருத்துமாறு இறைவனிடம் இறைஞ்சுகிறார். பழைய பிழையிலிருந்து மீண்டவர், புதிய பிழைக்குத் தாம் அப்பாற்பட்டவர் என்று சான்றிதழ் எழுதிக்கொள்ளவில்லை. இந்நூலின் உயிர் இதில்தான் இருக்கிறது.

‘ஹுஜ்ஜத்துல் இஸ்லாம்’ என்று அவரைப் போற்றும் நாம், இப்பக்கங்களைப் பணிவின் அடையாளமாக மட்டும் படித்துக் கடந்துவிடுகிறோம். அவர் குற்றம் கண்டதோ கல்விப் பணியில், மேடையில், மக்கள் மதித்த சேவையில். நம் சபைகளிலும் அவையே பெரிதும் பாராட்டப்படுகின்றன. ஆகவே அவையே கேள்விக்கு உட்படாமல் எஞ்சுகின்றன. பாராட்டு ஓய்ந்த தனிமையில் நிய்யத்தை விசாரிக்கும் துணிவையே முன்கித் நம்மிடம் கேட்கிறது.