செயற்கை நுண்ணறிவு ஆய்வில் கலைச்சொல்லும் விவாத ஒழுக்கமும்

ஒரு துறையின் கலைச்சொற்கள் அத்துறையினரிடையே நிகழும் விவாதத்தின் போக்கை எவ்வளவு தூரம் நிர்ணயிக்கின்றன என்பதற்குச் செயற்கை நுண்ணறிவு ஆய்வின் வரலாறு தக்கதொரு சான்றாகும். 1956ஆம் ஆண்டு டாட்மத் கல்லூரியில் நடைபெறவிருந்த கோடைகால ஆய்வுக்கென ஜோன் மக்கார்த்தியும் வேறு மூவரும் அதற்கு முந்திய ஆண்டில் எழுதிய விண்ணப்பத்திலேயே அப்பெயர் இடம்பெற்றது. அப்போது அத்துறை செய்துகாட்டியது சொற்பமே. பெயர் முந்திக்கொண்டது, பொருள் பின்னர் வந்துசேரும் என எதிர்பார்க்கப்பட்டது.

இவ்வெதிர்பார்ப்பைத் துறைக்குள் நின்றே எள்ளி நகையாடியவர் ட்றூ மக்டேமற். ஆய்வாளர்களின் செய்திமடலொன்றில் 1976இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பை, ‘செயற்கை நுண்ணறிவு இயற்கை மடமையைச் சந்திக்கிறது’ எனத் தமிழாக்கலாம். நிரலின் ஒரு பகுதிக்கு ‘விளங்கிக்கொள்’ எனப் பெயரிடும் ஆய்வாளன், நிறுவவேண்டிய ஒன்றை எடுகோளாக்கிவிடுகிறான் என்பது அவரது குற்றச்சாட்டு. அதற்கு அவர் கூறும் பரிகாரம் எளிமையானது. அப்பகுதிக்கு ‘ஜீ 0034’ என்பது போன்ற பொருளற்ற குறியீடொன்றை இட்டு, அது விளங்கிக்கொள்ளலின் ஒரு கூறைச் செய்கிறதென்று தன்னையோ பிறரையோ நம்பவைக்க முடிகிறதா என ஆய்வாளன் பார்க்கட்டும் என்கிறார். நியூவெல், சைமன் ஆகியோரின் ‘பொதுப் பிரச்சினை தீர்ப்பான்’ என்ற நிரலின் பெயர் வீண் பரபரப்பையே விளைத்தது என்பதும் அவர் கருத்து. எழுதி முடிக்கப்படாத நிரல்களை முடிந்தனபோல் விவரிக்கும் வழக்கத்தையும் அவர் சாடுகிறார். பிறரைச் சாடும்போது தம் கூடத்தாரையும் விட்டுவைக்காமையே இக்கட்டுரையின் பலம்.

எனினும் மக்டேமற் பெயரிடலைப் பெரும்பாலும் ஆய்வாளனின் சுயஏமாற்றாகவே காண்கிறார். அது எதிர்வாதியின் கேள்வியை அடைத்துவிடும் ஓர் உபாயமுமாகும் என்பதை நாம் வலியுறுத்த வேண்டியுள்ளது. மெய்யியலாளர் ஹியூபேட் டிரைஃபஸ் 1965இல் எழுதிய அறிக்கையில் இவ்வாய்வை இரசவாதத்துக்கு ஒப்பிட்டார். மூன்றாண்டுகளின் பின் சீமோர் பேப்பேட் அளித்த மறுப்பின் தலைப்பிலேயே டிரைஃபஸின் பெயர் ஏளனத்துக்குள்ளாயிற்று. இதற்கிடையே 1967இல் கணினியொன்றிடம் டிரைஃபஸ் சதுரங்கத்தில் தோற்றமை பெருங் கொண்டாட்டமாயிற்று. சதுரங்கத் தோல்விக்கும் அவரது வாதத்தின் மெய்ம்மைக்கும் என்ன தொடர்பு? அக்காலத்தில் டிரைஃபஸுடன் பகலுணவு உண்ணக் காணப்பட்ட செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் தாம் ஒருவரே எனவும், ஒரு மனிதனை நடத்தும் முறை அதுவல்ல என்பதை உணர்த்தவே அவ்வாறு செய்ததாகவும் ஜோசப் வைசன்போம் பின்னர் கூறினார். மறுப்புரைகள் பலவற்றினும் அந்தப் பகலுணவே எமக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆயினும் டிரைஃபஸும் குற்றமற்றவரல்லர். ‘இரசவாதம்’ என்பதும் தீர்ப்பைத் தன்னுள் அடக்கிய பெயரே. 2021இல் வெளியான ஆய்வுக் கட்டுரையொன்று பெருமொழி மாதிரிகளைத் தற்செயற் கிளிப்பிள்ளைகள் என வருணித்தது. அதன் வாதங்கள் கவனத்துக்குரியவை. ஆனால் வாதங்களை வாசியாதோரும் அத்தொடரை வசைச்சொல்லாக வீசத் தலைப்பட்டனர்.

உருவகமின்றி அறிவியல் வளராது என்பர். மெய்தான். ‘மின்னோட்டம்’ என்பதும் உருவகமே. ஆனால் அது அளவீட்டுக்கு உட்பட்டது. ஓடுவது யாது, எவ்வளவு என்பதில் இன்று எவருக்கும் ஐயமில்லை. ‘சிந்தித்தல்’ என்ற சொல்லுக்கு அத்தகைய அளவீடு இன்னும் வாய்க்கவில்லை. மாதிரி பொய்யான தகவலைத் தரும்போது அதனைப் ‘பிரமை’ என்கின்றனர். பிரமை கொள்வதற்குப் புலனுணர்வு வேண்டும். மேலும், சரியான விடையும் பிழையான விடையும் ஒரே செயன்முறையிலேயே பிறக்கின்றன என்ற முக்கியமான உண்மையை இச்சொல் மறைத்துவிடுகிறது.

தமிழில் இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. ஆங்கிலச் சொல்லில் இல்லாத ‘நுண்’ என்ற சிறப்பை நாம் தாமாகவே சேர்த்திருக்கிறோம். ‘இயந்திரக் கற்றல்’ என்பதும் இவ்வாறு கேள்வியின்றி ஏற்கப்பட்ட தொடரே. எண்வடிவிலான நிறைகளைச் சிறிது சிறிதாக மாற்றிப் பிழையைக் குறைத்தல் என அதனை ஒரு முறையேனும் விரித்தெழுதிய பின்னர், மாணவரிடையே விவாதம் எத்திசையில் செல்கிறதென எமது வகுப்பறைகளிலேயே சோதித்துப் பார்க்கலாம்.