இருபத்தேழு கறுப்புகள்

கிழவருக்குக் கை நடுங்கிவிட்டது, அதனால்தான் கடைசிக் காலத்தில் அப்படி அள்ளித் தெளித்தார் என்று டச்சு ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸைப் பற்றிச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஓவியங்களைப் புத்தகத்தில் உள்ளங்கை அளவில் மட்டும் பார்த்தவர்களாக இருக்க வேண்டும்.

நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் அவர் பெயரிலேயே அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே முதியோர் இல்லத்து நிர்வாகிகளை அவர் தீட்டிய இரண்டு பெரிய ஓவியங்கள். ஒன்றில் ஆண்கள், இன்னொன்றில் பெண்கள். 1664 வாக்கில் தீட்டியவை. அப்போது ஹால்ஸுக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. அருங்காட்சியகம் இருக்கும் கட்டடமே அந்த முதியோர் இல்லம்தான். 1609-இல் தொடங்கிய இல்லம், பிறகு அநாதை இல்லமாகி, 1913-இல் அருங்காட்சியகமாயிற்று. இடையில் நகர மன்றத்தில் தொங்கிய படங்கள் சொந்த வீட்டுக்கே திரும்பி வந்திருக்கின்றன.

பெண்கள் படத்தைத்தான் நான் ஒரு படி மேலே வைப்பேன். நான்கு நிர்வாகிகள், வலப்பக்கம் ஒரு பணிப்பெண். கறுப்பு உடை, வெள்ளைக் கழுத்துப்பட்டை, முகங்கள், கைகள், பின்சுவரில் இருண்டுபோன ஒரு நிலக்காட்சி. கண்ணைக் கவர வேறொன்றும் கிடையாது. கறுப்பில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். காக்கையைக் கறுப்பு என்கிறோம். வெயிலில் உட்காரும்போது பார்த்தால் கழுத்தில் சாம்பலும் இறகில் நீலமும் ஓடுகின்றன. ஹால்ஸின் கறுப்பும் அந்த ஜாதி. துணி வெளிச்சத்தை வாங்கித் திருப்பும் இடத்தில் ஒரு கறுப்பு, வெளிச்சத்தைக் குடித்துவிடும் இடத்தில் வேறொன்று, மடிப்பின் அடியில் இன்னொன்று. இந்த மனிதரிடம் இருபத்தேழு கறுப்புகளாவது இருக்கும் என்று வான்கோ 1885-இல் தம்பிக்கு எழுதினார். எண்ணித்தான் எழுதினாரோ என்னவோ, மிகை என்று எனக்குத் தோன்றவில்லை.

கைகளுக்கு வருவோம். கித்தானுக்கு அருகே போனால் அங்கே கை இல்லை. சாம்பல் கலந்த இளஞ்சிவப்பில் சில தீற்றல்கள். ஒன்றின் ஈரம் காயுமுன் அதன்மேல் இன்னொன்று. விரலைப் பிரிக்கக் கோடு போடவில்லை, சாயம் நின்ற இடம்தான் விரலின் ஓரம். நாலடி பின்னால் வந்தால் எலும்பின் முட்டு தெரிகிறது, அதன்மேல் தோல் தளர்ந்திருப்பது தெரிகிறது. நடுங்கும் கை நாலு தீற்றலில் இதைச் செய்யாது. நாற்பதில் செய்து கெடுத்துவிடும்.

இதே அருங்காட்சியகத்தில் 1616-ஆம் ஆண்டு ஓவியம் ஒன்று உண்டு: புனித ஜார்ஜ் ஊர்க்காவல் படை அதிகாரிகளின் விருந்து. ஹால்ஸும் அந்தப் படையில் இருந்தவர்தான். குழுப்படம் என்றால் தலைகளை வரிசையாக அடுக்குவது என்றிருந்த ஊரில், யாரோ உள்ளே வந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பதைப்போல அமைத்தார். கொடி, இடைக்கச்சை, வெள்ளை மேசைவிரிப்பின் பூ நெசவு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவர்களுக்கு, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளில் அவர் எதையெல்லாம் வேண்டாம் என்று தள்ளினார் என்பது புரியும்.

தூரிகை கட்டவிழ்ந்து ஓடுகிறதே, ஆளும் அப்படித்தான் இருந்திருப்பார் என்று முடிவு கட்டியவர்கள் ஏராளம். அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்து ஓவியர்களின் வரலாற்றை எழுதிய ஹௌப்ராக்கன், ஹால்ஸ் மாலைதோறும் குடித்தார், சீடர்கள்தான் படுக்கவைத்தார்கள் என்று கதை கட்டினார். அது இருநூறு ஆண்டு ஒட்டிக்கொண்டது. ஆண் நிர்வாகிகளில் ஒருவரின் தொப்பி சாய்ந்து, பார்வை நிலைகொள்ளாமல் இருப்பதால், அவரும் குடித்திருக்கிறார், கிழவர் பழி தீர்த்துக்கொண்டார் என்றார்கள். நிர்வாகிகள் காசு கொடுத்து வாங்கித் தங்கள் கூடத்திலேயே மாட்டிய படம் அது!

ஆவணங்கள் சொல்வது வேறு. பத்துப் பிள்ளைகளுக்கு மேல் பெற்றவர், கடனும் குறைவில்லை. 1654-இல் ரொட்டிக்கடைக்காரர் ஒருவருக்குப் பாக்கிக்காக மெத்தைகள், அலமாரி, மேசை, ஐந்து ஓவியங்கள் ஆகியவற்றை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் நகர மன்றம் ஆண்டுக்கு 200 கில்டர் உதவித்தொகை கொடுத்தது. இத்தனைக்கும், ஆளுக்கு 66 கில்டர் தருகிறோம், ஆம்ஸ்டர்டாம் வந்து முடித்துக் கொடுங்கள் என்று அந்த ஊர்க் காவல் படையினர் அழைத்தபோது, வேண்டுமானால் நீங்கள் ஹார்லெம் வாருங்கள் என்று மறுத்தவர். அந்தப் படத்தை பீட்டர் கோடா என்பவர் முடித்தார். குடிகாரர் என்பதைவிடப் பிடிவாதக்காரர் என்றால் பொருந்தும்.

படத்தை வைத்து ஆளை முடிவு செய்யும் இந்தப் பழக்கம் ஹால்ஸுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது. பெண் ஓவியர் யூடித் லெய்ஸ்டருக்குப் பெயரே இல்லாமல் செய்தது. அவர் 1609-இல் ஹார்லெமில் பிறந்தவர். 1633-இல் ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானார். பெண்களுக்கு அது அபூர்வம். 1635-இல் அவருடைய சீடன் ஒருவன் சில நாளிலேயே ஹால்ஸிடம் ஓடிவிட, சங்கத்தில் வழக்குப் போட்டுப் பையனின் தாயிடம் நஷ்டஈடு வாங்கினார். சீடனைப் பதிவு செய்யாததற்காக அவருக்கும் அபராதம் விழுந்தது.

இப்படி ஊரறியத் தொழில் செய்தவரின் படங்கள் பிற்காலத்தில் ஹால்ஸின் பெயரில் விற்றன. துணிச்சலான தூரிகை என்றால் ஹால்ஸ்தானே! இப்போது லூவரில் இருக்கும் ஒரு படத்தில், 1893-இல்தான் லெய்ஸ்டரின் கையொப்பத்தைக் கண்டுகொண்டார்கள்: பெயரின் முதலெழுத்துகளோடு ஒரு நட்சத்திரம். கண்டதும் யாரும் கொண்டாடவில்லை. ஹால்ஸ் என்று வாங்கிய வியாபாரி பணத்துக்காக லண்டனில் வழக்காடினார். விலையைக் குறைத்துச் சமரசம் செய்தார்கள். படம் ஒன்றுதான், நேற்று ரசித்தது இன்று மட்டமாகிவிட்டது. ரசனை என்று நாம் சொல்வதில் பெயர்ப்பலகைக்கு எவ்வளவு பங்கு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

1636-இல் ஓவியர் மோலெனாரை மணந்தபின் லெய்ஸ்டர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார் என்றுகூடச் சொன்னார்கள். ஹார்லெம் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய துலிப் ஓவியத்தில் 1643 என்று போட்டிருக்கிறது.

ஆம்ஸ்டர்டாம் போகிற நம்மவர்கள் ரெம்பிராண்ட்டைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஹார்லெம் அங்கிருந்து ரயிலில் கால் மணி நேரம்தான், ஒரு அரைநாள் ஒதுக்குங்கள். லெய்ஸ்டரின் துலிப் போன்றவற்றை எப்போதும் வெளியே வைத்திருக்க மாட்டார்கள். காட்சியில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது.