நூறு புல் தெரியும், புல்வெளி தெரியாது: ரங்காச்சாரியாரின் கையேடு

தென்னிந்தியப் புற்களைப் பற்றிக் கொஞ்சம் ஆழமாகப் படிக்க ஆரம்பித்தால், ஏதோ ஒரு கட்டத்தில் கே. ரங்காச்சாரியாரின் புல் கையேட்டுக்கு வந்துதான் ஆகவேண்டும். 1921ல் மெட்ராஸ் அரசு அச்சகம் வெளியிட்ட ஆங்கில நூல். ரங்காச்சாரியார் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் இருந்தவர், சி. தாடுலிங்க முதலியார் உதவி செய்திருக்கிறார். இப்போது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. புழல் ஏரிப் பக்கம் போகும்போதெல்லாம் என் போனில் இதுதான் திறந்திருக்கும். அந்தக் கரையில் வைத்துப் படித்துப் பார்த்ததில் தோன்றியதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் நல்லது. வேளாண்மை, வனத்துறை அதிகாரிகள் பெயர் கேட்டு வாராவாரம் புல் அனுப்பிக்கொண்டே இருந்ததால் எழுந்த புத்தகம் இது. அதனால் பந்தா கிடையாது. சமவெளியில் பரவலாகக் காணப்படும் சுமார் நூறு புற்களை மட்டும் எடுத்துக்கொள்கிறார். ஆனால் பெயருக்குப் போகும் முன் கணு, இலையுறை, சிறுகதிர் என்று ஒவ்வொரு உறுப்பையும் எப்படிப் பார்க்கவேண்டும் என்று பொறுமையாகச் சொல்லித்தருகிறார். கோட்டோவியங்கள் அருமை. எல்லாப் புல்லும் ஒண்ணுதானே என்று நினைத்திருந்த கண், ஒரே வாரத்தில் மாறிவிடும்.

சிக்கல் இனிமேல்தான். புத்தகத்துக்குள் மாட்டின் வாய் ஒரு நீதிபதி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. தீவனத்துக்கு ஆகுமா, ஆகாதா? கேட்டவர்கள் அதிகாரிகள் என்பதால் இது இயல்புதான். கொங்கு நாட்டுக் கொறங்காட்டில், கொழுக்கட்டைப்புல்லும் காங்கேயம் மாடும் இருக்கிற இடத்தில், இந்த அளவுகோல் கச்சிதமாகப் பொருந்தும். புழலில் பொருந்தாது.

3,300 மில்லியன் கன அடி கொள்ளளவு உள்ள ஏரி. கோடையில் தண்ணீர் உள்வாங்க உள்வாங்க, விளிம்பில் பச்சை பின்னாலேயே இறங்கிப் போகும். கரைப்பக்கம் அருகும் காக்காக்கால் புல்லும், ஈரத்தில் இஞ்சிப்புல். புல்லுக்கு நடுவே கோரை, பொடுதலை, கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி. மேட்டில் நெருஞ்சி, விஷ்ணுகிராந்தி, சிறுபுள்ளடி. இதில் பாதிக்கு மேல் புல்லே இல்லை! கோரைகூடப் புல் குடும்பம் கிடையாது. ஆகவே கையேட்டில் இவற்றுக்கு இடமில்லை. தலைப்பில் புல் என்றுதானே போட்டிருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஆனால் எதன் பக்கத்தில் எது வளர்கிறது, வெள்ளம் வடிந்ததும் எது முதலில் தலைகாட்டுகிறது என்ற கேள்வியே நூலில் எழவில்லை. ஒவ்வொரு புல்லும் தனித்தனியாக, பிடுங்கி ஒட்டிய மாதிரியாகவே நிற்கிறது.

நூறு வருஷத்துக்கு முந்தைய புத்தகத்திடம் இதைக் கேட்பது நியாயமா? இந்தப் பார்வை இன்னும் போகவில்லை என்பதால் கேட்கிறேன். நம் அரசே வெளியிடும் தரிசுநில வரைபட நூலில் புதர்நிலமும் தேய்ந்த மேய்ச்சல்நிலமும் ‘தரிசு’க் கணக்கில்தான் வருகின்றன. தரிசு என்று எழுதிவிட்டால் குப்பை கொட்டலாம், கட்டடம் கட்டலாம், நல்லெண்ணத்தோடு குழி தோண்டி மரக்கன்றும் நடலாம். மரம் வந்தால் ஆட்காட்டிக்கு முட்டையிடத் திறந்த தரை போய்விடும், வெயில் கேட்கும் சிறுபூண்டுகளும் போய்விடும் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை.

புழல் புல்வெளி ஒன்றும் ஆதிகாலத்தது இல்லை. ஏரியே மனிதர் கட்டியது. ஆனால் இங்கிலாந்தின் பூப்புல்வெளிகளும் அப்படித்தான், வைக்கோலுக்காக அறுத்தும் மேய்த்தும் உண்டானவை. 1930களுக்கும் 1984க்கும் இடையே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அவற்றில் 97 சதவீதம் அழிந்துபோனது; மிச்சத்தைத்தான் இப்போது பொத்திப் பொத்திக் காக்கிறார்கள். உழுது அழித்த பழைய புல்வெளி தன் இனவளத்தைத் திரும்பப் பெறக் குறைந்தது ஒரு நூற்றாண்டு ஆகும், பெரும்பாலும் அதைவிட மிக அதிகம் என்கிறது ஆஷிஷ் நெர்லேகரும் ஜோசஃப் வெல்ட்மனும் 2020ல் வெளியிட்ட ஆய்வு. மரக்கன்று மாதிரி வாங்கி வந்து நட்டுவிட முடியாத சமாச்சாரம் இது.

படிக்க நினைப்பவர்களுக்கு: பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இலைத் திசு பற்றிய அத்தியாயங்களை முதல் சுற்றில் தாராளமாகத் தாண்டிவிடலாம். சிறுகதிர் அத்தியாயத்தை மட்டும் தாண்டாதீர்கள். இனப்பெயர்கள் பல இன்று மாறிவிட்டன, சரிபார்த்துக்கொள்ளவேண்டும். கூடவே ஒரு நோட்டு; புல்லுக்குப் பக்கத்தில் என்ன இருந்தது என்று எழுதிவைக்க.