ஓக் கட்டையின் முகம்

ரயில் என்றதும் எஞ்சினைத்தான் கொண்டாடுகிறோம். தண்டவாளத்துக்கு அடியில் படுத்துக்கிடக்கும் ஸ்லீப்பர் கட்டையை யார் பார்க்கிறார்கள்? 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், கரண்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அதைக் கையால்தான் செதுக்கினார்கள். வெள்ளை ஓக் மரத்தைச் சாய்த்து, 8 அடிக்குத் துண்டு போட்டு, பக்கவாட்டில் வரிசையாக வெட்டுவாய் போட்டுக்கொள்வார்கள். பிறகு அகன்ற கோடாரி இறங்கும். அதன் அலகு ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மட்டும் சரிவு. விரல்முட்டி மரத்தில் உரசாதிருக்கக் காம்பைச் சற்றே வெளிப்பக்கம் வளைத்திருப்பார்கள். (அந்த வளைவை யோசித்தவன் நிச்சயம் முட்டியைப் பெயர்த்துக்கொண்டவன்தான்.) ‘சதக்’கென்ற அடிக்கு ஒரு சிலாம்பு, உள்ளங்கை அகலத்துக்கு, துவர்ப்பு வாசனையோடு விழும். கை பழகியவன் செதுக்கிய முகத்தில் விரலை ஓட்டினால் மெல்லிய அலைதான் தட்டுப்படும். இழைப்புளி பட்டதோ என்று தோன்றும்.

கட்டைகளைக் கழிகளில் அறைந்து தெப்பமாக்கி, தெப்பத்தோடு தெப்பம் கோத்து ஆற்றில் விடுவார்கள். வளைவுகளில் அது மலைப்பாம்பாக நெளியும். பச்சை ஓக் கனம். பெரும்பாலும் நீருக்குள் அமிழ்ந்தபடியேதான் மிதக்கும். ஈர மரத்தின்மேல் நீளக் கழியோடு நிற்பவன், பாதத்தாலேயே தண்ணீரின் போக்கைக் கேட்டுக்கொண்டு போவான்.