கண்ணகி வழக்கும் ஊழின் விடையும்

வைகாசித் திங்களில் மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும் கண்ணகையம்மன் கோயில்களிற் கதவு திறந்து சடங்கு நிகழும். எழுவான்கரையிற் செட்டிபாளையத்திலும், படுவான்கரையிற் கன்னன்குடாவிலும், தெற்கே காரைதீவு, தம்பிலுவில் முதலிய ஊர்களிலும் ‘கண்ணகி வழக்குரை’ பக்தியோடு படிக்கப்படும். வி. சீ. கந்தையா 1968இற் பதிப்பித்த அந்நூலின் பெயரே நோக்கற்பாலது. தெய்வம் ஈண்டு வழக்கைத் தீர்ப்பவளல்லள், வழக்காடுபவள்.

குற்றமற்ற கோவலன் கொலையுண்டது ஏன்? இவ்வினாவுக்குச் சிலப்பதிகாரத்தில் மதுராபதித் தெய்வம் விடை கூறுகின்றது. முற்பிறப்பிற் பரதன் என்னும் பெயரினனாயிருந்த கோவலன், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றனெனக் கூறிக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலியின் சாபம் இப்பிறப்பிற் பலித்தது. கணக்கு நேராயிற்று. ஆயினும் உள்ளம் அமைதியுறுகின்றதா? அரசன் மாண்டு நகரம் எரியுண்ட பின்னரன்றோ அவ்விடை வருகின்றது! கண்ணகி பட்ட துயருக்கோ, முற்பிறப்பில் அவள் கணவன்பொருட்டு நோற்க வேண்டிய நோன்பொன்று பொய்த்தது என்று தேவந்தி முன்னரே கூறிய காரணம் ஒன்றே உண்டு. பிழைத்த நோன்புக்கு இத்துணைத் தண்டமா?

வினை சடமாதலின் தானே சென்று பயனூட்டாது, இறைவனே ஊட்டுவிப்பான் என்பது சைவ சித்தாந்தத் துணிபு. அவ்வாறாயின் வினா வினையோடு நில்லாது ஊட்டுவிப்பானையும் சென்று பற்றும். தண்டம் உயிரின் மலநோய்க்கு மருந்து என்பர். தகுந்த விடையே, ஆனால் தான் உண்ணும் மருந்து எந்நோய்க்கென்று அறியாதவளுக்கு அது ஆறுதலாகாது.

வழக்குரையோ இச்சிக்கலை மேலும் இறுக்குகின்றது. பாண்டியனை அழித்தற்பொருட்டுத் தேவியே மாங்கனியில் தோன்றினாள் என்பது அதன் கதை. முடிவு முன்னரே துணியப்பட்டதெனின் கோவலன் உயிர் அதற்குக் கொடுத்த விலையா? நூல் இதற்கு நேர்விடை தருவதாகத் தோன்றவில்லை. எனினும் அவதாரக் கதை கூறியும் அது வழக்கைக் கைவிடவில்லை. தேவியே ஆயினும் அவைக்களம் புகுந்து சிலம்பை உடைத்தே தன் கட்சியை நிறுவ வேண்டியிருந்தது.

இளங்கோவடிகளின் பாண்டியனிடத்தே இன்னொரு நுட்பம் உளது. ஊழைக் காட்டிப் பழியினின்று தப்புதற்கு வாய்ப்புடையவன் அவன் ஒருவனே. அவனோ மணியைக் கண்ட அளவில் தானே கள்வன் என ஒப்பி உயிர் நீத்தான். கோவலன் ஏன் இறந்தான் என்பதற்கு ஊழ் விடையாகலாம். கொன்றவன் யார் என்பதற்கு ஆகாது.

வாவிக்கரைச் சடங்கு குளிர்த்தியோடு நிறைவுறும். ஆண்டுக் கூடியிருப்போர் அம்மனுக்கு ஊழின் கணக்கை விளக்க முற்படுவதில்லை. அவள் சினம் முறையானது என்று ஏற்று, வேப்பிலையும் நீரும் கொண்டு, மனங்குளிர வேண்டிப் பாடுவர். அடுத்த வைகாசியில் வழக்கு மீண்டும் முதலிலிருந்து படிக்கப்படும்.