நீத்தல் விண்ணப்பம்: மறுபடி விழுந்தவனின் பிரதி

திருவாசகத்தின் நீத்தல் விண்ணப்பம் உத்தரகோசமங்கையில் பாடப்பட்டது என்பது மரபு. ஐம்பது கட்டளைக் கலித்துறைகள், அந்தாதியாக. ஒருமுறை ஆட்கொள்ளப்பட்டவன் மீண்டும் புலன்களிடம் போய் விழுந்துவிட்டு, என்னைக் கைவிட்டுவிடாதே என்று ஐம்பது தடவை மன்றாடுகிறான். அடிகளுக்கு ஏது வீழ்ச்சி, நம்மைப் போன்றோரின் குற்றத்தைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு பாடினார் என்று உரைமரபு சமாதானம் சொல்லும். இந்தச் சமாதானம் மறுவீழ்ச்சியைப் பிரதியிலிருந்தே அழித்துவிடுகிறது. அருள் பெற்றவன் விழமாட்டான். விழுந்தவன் என்றால் அவன் அருள் பெறவே இல்லை. குடியை விட்டவனைப் பற்றி நம் ஊர்களில் புழங்கும் சொல்லாடலும் அச்சு அசல் இதுதான்.

தென்மாவட்டங்களில் குடியை விடுகிறவன் கோயிலில் கயிறு கட்டிக்கொள்கிறான். பகுத்தறிவு பேசி இதை ஒதுக்கிவிட முடியாது. 'கயிறு கட்டியிருக்கேன் மாப்ளே' என்றால் எந்தக் கூட்டாளியும் அதற்குமேல் வற்புறுத்தமாட்டான். கௌரவம் கெடாமல் மறுப்பதற்கு ஒரு வாக்கியத்தைச் சமூகமே செய்து கொடுத்திருக்கிறது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு சாவு வீட்டில், கெடாவெட்டில் ஒரு கட்டிங் உள்ளே போய்விடுகிறது. 'சத்தியத்த மீறியாச்சு, இனி என்ன இருக்கு' என்று அன்று ராத்திரியே முழுப் பாட்டில். ஆலன் மார்லட்டும் ஜூடித் கார்டனும் 1985இல் வெளியிட்ட மறுவீழ்ச்சித் தடுப்பு நூல் இந்த 'இனி என்ன'வைத்தான் பிடித்தது. சறுக்கல் வேறு, வீழ்ச்சி வேறு. முதல் மடக்கைவிட அதன் பிறகு வரும் குற்றவுணர்வே ஆளைக் கவிழ்க்கிறது. சச்சரவு, மனச்சோர்வு, கூட்டாளிகளின் நெருக்கடி என்று சறுக்கும் இடங்களை முன்கூட்டியே கண்டுவைக்கச் சொன்னார்கள். வேட்கை அலைபோல எழுந்து உச்சிக்குப் போய்த் தானே இறங்கும், அதுவரை தாக்குப்பிடி என்றார் மார்லட். கடற்கரைக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. (பல வருடம் தினமும் குடித்தவன் சத்தியத்தை நம்பி ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு, சித்தப்பிரமை வரை போகலாம்; முதலில் மருத்துவரிடம் போக வேண்டும்.)

இதை வைத்துக்கொண்டு நீத்தல் விண்ணப்பத்துக்குத் திரும்பினால், அது சறுக்கும் கணங்களின் பட்டியலாகத் தெரிகிறது. இருபுறமும் எரியும் கட்டைக்குள் மாட்டிய எறும்பு. எறும்புகள் அரிக்கும் மண்புழு. ஆற்றங்கரை மரம். எந்தப் படிமத்திலும் 'முடிந்துவிட்டது' என்பது இல்லை, எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு பாட்டின் முடிவு அடுத்ததன் தொடக்கமாகிற அந்தாதி வடிவம் இங்கே அலங்காரமல்ல. விழுந்த இடத்திலிருந்தே அடுத்த பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பிரதியை அப்படியே தூக்கிவைத்துக் கொண்டாடவும் மாட்டேன். விழுந்ததற்குக் காரணம் என்று அது திரும்பத் திரும்பக் கைகாட்டுவது பெண்ணுடலை. 'இவ வாய்க்குப் பயந்துதான் குடிக்கிறேன்' என்கிறவனின் தர்க்கம் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. கயிறு கட்டியவன் சறுக்கினால் விடியும்வரை உட்கார்ந்திருப்பவள் அவள். அவளுடைய ஐம்பது பாட்டை யாரும் எழுதவில்லை.

நம் தோழர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். 2003 இறுதியில் அரசே சில்லறை மது விற்பனையைக் கையில் எடுத்தது. 2015இல் கடையை மூடக் கோரிக் கோபுரத்தில் ஏறிய சசிபெருமாள் இறந்தார். கோவன் பாட்டுக்காகத் தேசத்துரோக வழக்கில் கைதானார். கடையை மூடு என்பது நியாயமான அரசியல். ஆனால் விட்டு நாற்பதாவது நாளில் நிற்பவனுக்கு நம் மேடைகளில் ஒரு சொல் இருந்ததா? மாலை போட்ட மண்டலம் முழுக்கத் தொடாதவன் மாலையைக் கழற்றிய அன்றே கடைக்குப் போகிறான். விரதத்துக்கு நம்மிடம் சடங்கு உண்டு. அதற்கு மறுநாளுக்கு இல்லை.

'நீத்தல்' என்பதற்குத் துறத்தல், கைவிடுதல் இரண்டும் பொருள். குடியை நீத்தவனை, அவன் சறுக்கியதும் ஊர் நீத்துவிடுகிறது. நீத்தல் விண்ணப்பத்தின் கடைசிப் பாட்டுகளில் அடியவன் மன்றாடுவதோடு நிற்கவில்லை; கைவிட்டால் உன்னை நாலு பேர் சிரிக்கும்படி ஏசுவேன், நஞ்சுண்டவன் என்பேன், பித்தன் என்பேன் என்று மிரட்டுகிறான். மறுசிகிச்சைக்கு வார்டு வாசலில் இரண்டாவது தடவை வந்து நிற்பவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. தலையைக் குனிந்துகொண்டு பழைய சீட்டைத்தான் நீட்டுகிறான்.