எவருக்காக எவர் பேசுவது?
நியாய வர்த்தக நகர இயக்கம் குறித்துச் சில விமர்சனக் குறிப்புகள்

நான் வாழும் ஜேர்மனிய நகரம் தன்னை ஒரு 'நியாய வர்த்தக நகரம்' ஆக்கிக்கொள்ள முனைந்தபோது, அதற்கான வழிநடத்தற் குழுவில் ஒரு வெளிநாட்டவரும் இருந்தால் நல்லது என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. அப்படித்தான் நானும் அந்த மேசைக்கு அழைக்கப்பட்டேன். நகரசபை உறுப்பினர் ஒருவர், தேவாலயத்தோடு சேர்ந்த மூன்றாமுலகக் கடையை நடத்தும் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவர், வர்த்தகர் சங்கத்திலிருந்து ஒருவர், நான். இரண்டு வருடங்கள் அதில் இருந்தேன். கடை கடையாக ஏறி இறங்கி, எந்தத் தட்டில் எத்தனை நியாய வர்த்தகப் பொருட்கள் இருக்கின்றன என்று எண்ணியிருக்கிறேன். ஆகவே, இக்குறிப்புகள் வெளியே நின்று கல்லெறிபவனுடையவை அல்ல.

எமது இடதுசாரி நண்பர்கள் பலர் இம்முயற்சிகளை 'வெள்ளைக்காரரின் குற்றவுணர்வு' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவதுண்டு. இது சுலபமான விமர்சனம். சுலபமாக இருப்பதாலேயே பயனற்றது. இந்த இயக்கத்தின் பலம் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும். அதன் பலவீனமும் அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

1

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் கார்ஸ்ரங் என்றொரு சிறிய சந்தை நகரம். சில ஆயிரம் பேர் வாழும் ஊர். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் அங்கு கூடிய ஒரு பொதுக்கூட்டம், தமது ஊரை உலகின் முதலாவது நியாய வர்த்தக நகரமாக அறிவித்தது. இதன் பின்னால் நின்றவர்கள் புறூஸ் குறௌதர் என்ற மிருக வைத்தியரும் ஒக்ஸ்பாம் அமைப்பின் உள்ளூர்க் குழுவும். எவரும் அவர்களுக்கு அப்பட்டத்தை வழங்கவில்லை. தாங்களே சூட்டிக்கொண்டார்கள். நகரங்களுக்கான ஐந்து இலக்குகளை வகுத்து, முறையான அங்கீகாரம் வழங்கும் வேலையைப் பிரித்தானிய பெயார்ரேட் பவுண்டேசன் தொடங்கியது அடுத்த வருடம்தான்.

அவர்கள் செய்த இன்னொரு காரியம் முக்கியமானது. பாலுக்கு உரிய விலை கிடைக்காத உள்ளூர்ப் பண்ணையாளரின் பிரச்சினையையும் கொக்கோ விவசாயியின் பிரச்சினையையும் ஒன்றாகப் பேசினார்கள். பக்கத்து லங்காஸ்ரர் துறைமுகத்துக்கு அடிமை வர்த்தகத்தில் இருந்த பங்கை நினைவுபடுத்தினார்கள். கானாவின் கொக்கோ விளையும் ஊரான நியூ கொபோரிடுவாவோடு உறவு ஏற்படுத்தினார்கள். தருமம் செய்பவரின் மொழியில் இவற்றைப் பேசமுடியாது. தன் ஊரின் செல்வம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவரின் மொழி இது.

இன்று முப்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நகரங்கள் இப்பெயரைத் தாங்குகின்றன. 2008இல் வேல்ஸ் தன்னை நியாய வர்த்தக நாடாகவே அறிவித்தது. 2013இல் ஸ்கொட்லாந்தும் அப்படிச் செய்தது. ஐரோப்பிய நகரங்களில் மட்டும் கூடிவந்த சர்வதேச மாநாடு 2014இல் ஜப்பானின் குமமோட்டோவுக்கும் 2016இல் ஈக்குவடோரின் கீற்றோவுக்கும் போனது. ஒரு சர்வதேச இணைப்புக் குழு உண்டு. ஆனால், எல்லோருக்கும் கட்டளையிடும் தலைமையகம் கிடையாது. மேலிருந்து சுற்றறிக்கை வந்தால்தான் கீழே கூட்டம் நடக்கும் என்ற அமைப்புமுறைக்குப் பழகிப்போன எமக்கு இது படிக்கவேண்டிய விடயம். ஓர் ஊர் செய்ததைப் பார்த்து இன்னோர் ஊர் செய்தது. சர்வதேசியம் என்று நாம் பெரிதாக எழுதிய சொல்லை இவர்கள் சத்தமில்லாமல் நடைமுறையில் செய்து பார்த்திருக்கிறார்கள்.

2

ஆனால், இணைப்பது யார் என்பது, எண்ணப்படுவது எது என்பதையும் தீர்மானித்துவிடுகிறது.

ஜேர்மனியில் இப்பட்டம் பெற்ற நகரங்கள் 800க்கும் அதிகம். 2009இல் முதலாவதாகப் பெற்றது சார்புறூக்கன். இங்கு பட்டத்தை வழங்குவதும் இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிப்பதும் பெயார்ரேட் முத்திரையின் ஜேர்மனிய அமைப்பே. முத்திரையிட்ட பொருட்களின் விற்பனையில் கிடைக்கும் உரிமக் கட்டணம்தான் அதன் வருமானத்தின் அடிப்படை. எல்லா நாட்டிலும் இப்படியில்லை. ஸ்பெயினில் இவ்வேலையை நடத்தியது கோர்டோபாவைச் சேர்ந்த 'இதேயாஸ்' என்ற கூட்டுறவு அமைப்பு. பிரான்சில் பல அமைப்புகள் சேர்ந்த கூட்டமைப்பு, ஒரே முத்திரையோடு கட்டுப்படாமல் நடத்துகிறது. அமைப்பு நேர்மையற்றது என்று நான் சொல்லவரவில்லை. முத்திரையை விற்பவரே இயக்கத்தையும் இணைத்தால், இயக்கத்தின் அளவுகோல் விற்பனையின் அளவுகோலாக மாறிவிடும் என்கிறேன்.

எமது குழு நிரப்பிய படிவத்தைப் பாருங்கள். நகரசபைத் தீர்மானம், வழிநடத்தற் குழு, கடைகளும் உணவகங்களும், பாடசாலை - சங்கம் - தேவாலயம், பத்திரிகைச் செய்தி. ஐந்தும் வாங்குபவரின் ஊரில் நடப்பவை. விளைவித்தவரின் ஊரில் என்ன நடந்தது என்று கேட்க ஆறாவது கேள்வி இல்லை. ஒரு மலிவுவிலைக் கடையில் இரண்டு பொருட்கள், கோப்பியும் வாழைப்பழமும் என்று வைப்போம், இருந்துவிட்டால் அக்கடை கணக்கில் சேரும். அக்கடையின் காசாளருக்கு என்ன சம்பளம் என்று எழுதப் படிவத்தில் இடமில்லை. கார்ஸ்ரங்கில் பால் பண்ணையாளரையும் கொக்கோ விவசாயியையும் சேர்த்துப் பார்த்த பார்வை, படிவமாக மாறும்போது உதிர்ந்துபோகிறது.

2017இல் பிரித்தானியாவில் நடந்த ஒரு விடயத்தை இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். செயின்ஸ்பறிஸ் நிறுவனம் தனது சொந்தப் பெயரில் விற்கும் தேயிலையிலிருந்து பெயார்ரேட் முத்திரையை நீக்கி, தானே உருவாக்கிய ஒரு முறையைக் கொண்டுவந்தது. மேலதிக நிதி தொடர்ந்து கிடைக்கும் என்றார்கள். ஆபிரிக்கத் தேயிலை உற்பத்தியாளர்கள் எதிர்த்தார்கள். அவர்களது ஆட்சேபம் தொகையைப் பற்றியதல்ல. அப்பணத்தை எப்படிச் செலவிடுவது என்று தாமே முடிவெடுக்கும் உரிமை தம்மிடமிருந்து இலண்டனுக்குப் போய்விடும் என்பதுதான் அவர்களது வாதம். இந்த வாதத்தை எமது குழுவில் வாசித்துக் காட்டினேன். தலையாட்டினார்கள். அடுத்த விடயம், சந்தைத் திடலில் எத்தனை மணிக்குப் பதாகை கட்டுவது என்பதாக இருந்தது.

3

சுவிஸிலும் பிரான்சிலும் நெதர்லாந்திலும் இருக்கும் வாசகர்களுக்கு 'மக்ஸ் ஹவலார்' என்ற பெயர் கோப்பிப் பைக்கற்றில் பழக்கமானது. இம்முத்திரை 1988இல் நெதர்லாந்தில் பிறந்தது. மெக்சிக்கோவின் ஒகாக்கா மலைகளில் கோப்பி பயிரிடும் பழங்குடி விவசாயிகளின் கூட்டுறவான 'உசிரி'யோடு சேர்ந்து வாழ்ந்த வண் டெர் ஹொவ் என்ற பாதிரியாரும், சொலிடாரிடாட் அமைப்பின் நிக்கோ றோசனும் இதற்குக் காரணமானவர்கள். தம்மை ஒழுங்கமைத்துக்கொண்ட விவசாயிகள், பிச்சை வேண்டாம், விலை தாருங்கள் என்று கேட்டதிலிருந்து தொடங்கிய முயற்சி அது.

ஆனால், அதற்குச் சூட்டப்பட்ட பெயர் எவருடையது? 1860இல் முல்ற்றாற்றுலி எழுதிய நாவலின் நாயகன், ஜாவா மக்களுக்காகக் குரல்கொடுக்கும் ஒல்லாந்துக் குடியேற்ற அதிகாரி. நல்ல மனிதன்தான். என்றாலும் அதிகாரி. ஒகாக்கா விவசாயிகள் ஐரோப்பியக் கடைக்குள் நுழைந்தது, இன்னொருவருக்காகப் பேசிய ஓர் ஐரோப்பியனின் பெயரோடுதான்.

தேயிலைக்கு வரும்போது இந்தப் பிரதிநிதித்துவப் பிரச்சினை இன்னும் மோசமாகிறது. கோப்பியிலும் கொக்கோவிலும் முத்திரை பெறுபவை பெரும்பாலும் சிறு விவசாயிகளின் கூட்டுறவுகள். தேயிலையில் பெருந்தோட்டங்களும் பெறலாம். அங்கு குறைந்தபட்ச விலை போய்ச்சேர்வது தோட்டக் கம்பனிக்கு. தொழிலாளரின் குழுவுக்கு வருவது மேலதிக நிதி மட்டும். அதில் பாலர் பள்ளி கட்டலாம், லயத்துக்குக் கூரை போடலாம். நாட்சம்பளம் வேறெங்கோ தீர்மானிக்கப்படும். இலங்கையில் 1,000 ரூபாய் நாட்சம்பளம் என்ற கோரிக்கை, பல வருடப் போராட்டத்துக்குப் பின் 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்தது. அதை வென்றெடுத்தது எந்த ஐரோப்பிய நகரத்தின் பதாகையும் அல்ல. எதியோப்பியாவிலும் உகண்டாவிலும் ஆய்வு செய்த இலண்டன் சோவாஸ் ஆய்வாளர்கள், பெயார்ரேட் உற்பத்தி நடந்த இடங்களில் கூலிக்கு வேலை செய்பவரின் நிலை மற்ற இடங்களைவிட மேலாக இல்லை என்று 2014இல் எழுதினார்கள். ஒப்பீடு சரியில்லை என்று பெயார்ரேட் மறுத்தது. அவ்வாண்டிலேயே, வாழ்வதற்குப் போதிய சம்பளம் பற்றிய விதிகளைச் சேர்த்துக் கூலித்தொழில் விதிமுறைகளை அது திருத்தியும் வெளியிட்டது. விமர்சனம் வீண்போவதில்லை என்பதற்காக இதையும் சொல்கிறேன்.

4

இனி என்னைப் பற்றி.

பட்டமளிப்பு விழாவுக்கு மலையகத்திலிருந்து கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணை, அவரது தொழிற்சங்கத்தின் ஊடாக, அழைக்கலாம் என்று முன்மொழிந்தேன். விமானச் செலவு, விசாப் பிரச்சினை என்றார்கள். பிறகு ஆசிரியைகளில் ஒருவர், மிக அன்பாக, "நீங்களே பேசலாமே, நீங்களும் அந்த நாட்டுத் தமிழர்தானே" என்றார்.

நான் பேசினேன். 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டதை, லயங்களை, அட்டைக் கடியை எல்லாம் பேசினேன். நன்றாகவே கைதட்டினார்கள். மேடையை விட்டு இறங்கும்போதுதான் உறைத்தது. நான் யாழ்ப்பாணத்தவன். எங்கள் வீட்டில் மலையகத்துச் சிறுமி ஒருத்தி வேலைக்கு நின்றாள். 'தோட்டக்காட்டார்' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவன் நான், சொல்லியும் இருக்கிறேன். அவளுடைய தாய் ஒருநாளைக்கு எத்தனை கிலோ பறித்தாள் என்று அந்த வீட்டில் எவரும் கேட்டதில்லை. வெள்ளைக்காரரிடம் நான் எந்தக் கேள்வியைக் கேட்கப் போனேனோ, அதற்கு நானே விடையாக நின்றேன். அன்று மக்ஸ் ஹவலார் நான்தான்.

5

ஆகவே, இதைத் தூக்கி எறிவோம் என்று நான் சொல்லவில்லை. பெயார்ரேட்டின் சர்வதேச அமைப்பில் உற்பத்தியாளருக்குப் பாதி வாக்குரிமை என்று 2011இல் முடிவானது. இலத்தீன் அமெரிக்கச் சிறு விவசாயிகள் 2006இல் தமக்கென ஒரு சொந்த முத்திரையையே தொடங்கினார்கள். வழி இருக்கிறது. நகர இயக்கம்தான் இன்னும் அந்த வழியில் வரவில்லை. மாநாடு கீற்றோவுக்குப் போவது நல்லது. ஆனால், நிகழ்ச்சிநிரலை யார் எழுதுகிறார் என்பது அதைவிட முக்கியம். பட்டத்தைப் புதுப்பிக்கும்போது, அந்நகரம் வாங்கும் ஒரு பொருளையாவது விளைவித்தவர்களின் சங்கம் தனது அபிப்பிராயத்தை எழுதித் தரவேண்டும், அது பகிரங்கமாக வாசிக்கப்படவேண்டும் என்று ஆறாவது நிபந்தனை ஒன்றை எமது குழுவில் முன்வைத்தேன். விதிகளில் அப்படி இல்லை என்றார்கள். விதிகளை எழுதியவர்களும் மனிதர்கள்தான் என்றேன். விடயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. இன்னும் ஒத்திவைக்கப்பட்டே இருக்கிறது.

எமக்கும் அதே கேள்விதான். ஐரோப்பா முழுவதும் எமது கடைகளில் இலங்கைத் தேயிலை அடுக்கப்பட்டிருக்கிறது. எமது சங்கங்கள் எத்தனையோ விடயங்களை நாடுகடந்து ஒருங்கிணைத்திருக்கின்றன. மலையகத் தொழிலாளரின் சங்கங்களோடு நேரே பேசி, அவர்கள் கேட்பதைக் கேட்டு, எமது கடைகளில் எந்தத் தோட்டத்துத் தேயிலையை விற்பது என்று அவர்களோடு சேர்ந்து தீர்மானிக்க ஒரு சங்கமாவது முன்வந்ததா? வந்திருந்தால் அறியத் தாருங்கள். வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்பதை அடுத்த இதழில் விவாதிப்போம். அவ்விவாதத்தை மலையகத்தவர் ஒருவர் எழுதித் தொடங்கினால் நல்லது. நான் போதுமான அளவு பேசிவிட்டேன்.